பதினான்கு நாள் கணக்கு

ஆய்வகத்துக்கு வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை நம் கைக்கு வந்த பிறகுதான் செலவாகத் தொடங்கும். கதிரியக்கம் உள்ள பாஸ்பரஸ்-32 அப்படியில்லை. புறப்பட்ட இடத்திலேயே குறையத் தொடங்கி, வழியெல்லாம் குறைந்து, வந்து சேர்ந்த பிறகு யாரும் தொடாமல் பூட்டி வைத்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் கரைந்துகொண்டே போகும். அதை மைனஸ் 20 டிகிரியில் வைப்பது, அது ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு கெடாமல் இருப்பதற்காக மட்டுமே. அணுக்கருவின் சிதைவைக் குளிர் ஒரு நொடிகூடத் தள்ளிப்போடாது. அதன் அரை ஆயுட்காலம் 14.3 நாள்கள். இன்று 100 இருந்தால் இரண்டு வாரம் கழித்து 50; இன்னும் இரண்டு வாரம் கழித்து 25. கெஞ்சினாலும் அதிகமாகாது, மறந்துவிட்டாலும் நிற்காது.

1990களின் இறுதியில் தென் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில், நெல்லின் மரபணுக்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது இந்தப் பொருளோடு ஐந்தாண்டுகள் பழகினேன். அக்காலத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணு ஒரு செடியில் இருக்கிறதா, எத்தனைப் படிகள் இருக்கின்றன என்று காட்ட சதர்ன் ப்ளாட் என்ற முறைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. அதற்கு, அந்த மரபணுவைத் தேடி ஒட்டிக்கொண்டு எக்ஸ்ரே படத்தில் கறுப்புப் பட்டையாகக் காட்டும் கதிரியக்கம் ஏற்றிய டிஎன்ஏ துண்டு, நாங்கள் ‘ப்ரோப்’ என்று சொல்வது, தேவைப்பட்டது. அந்த ஆண்டுகளை இப்போது நினைத்தால் மரபணுவைவிட முதலில் நினைவுக்கு வருவது கதிரியக்க அறையின் வாசலில் நூல் கட்டித் தொங்கிய பச்சை அட்டைப் பதிவேடுதான். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, யார் எத்தனை மைக்ரோலிட்டர் எடுத்தார்கள், எவ்வளவு கழிவுத் தொட்டிக்குப் போனது, எவ்வளவு தானாகச் சிதைந்தது, மிச்சம் என்ன என்று ஒவ்வொரு வரியும் நேராக வரவேண்டும். மளிகைக் கடைப் பேரேட்டில் இல்லாத ஒரு பத்தி இதில் உண்டு: ‘தானாகக் குறைந்தது’.

இந்தப் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்பதை நான் முதலாண்டில் கேட்கவேயில்லை. பெட்டி வந்தது, பயன்படுத்தினேன். பின்பு ஒருநாள் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றபோதுதான் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். அதன் மூலப்பொருள் கந்தகம். பாஸ்பரஸிலிருந்து பாஸ்பரஸ் செய்யாமல் கந்தகத்திலிருந்து ஏன் செய்கிறார்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களை ஐசோடோப்புகள் என்பார்கள். இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் முழுவதும் பாஸ்பரஸ்-31. அதை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால் அதில் கொஞ்சம் பாஸ்பரஸ்-32 ஆக மாறத்தான் செய்யும். ஆனால் மாறியதும் மாறாததும் வேதியியலில் ஒன்றே, பிரிக்க முடியாது. அரிசிக்குள் அரிசியைத் தேடுகிற வேலை. கந்தகத்தை வைத்தால் கதை வேறு. வேகமான ஒரு நியூட்ரான் கந்தக அணுக்கருவுக்குள் நுழைந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளும்போது, அந்த அணு கந்தகமாகவே இருக்காது, பாஸ்பரஸ் ஆகிவிடும். இப்போது அது அரிசியில் கிடக்கும் கல். வேறு தனிமம் என்பதால் வேதியியல் முறையில் பொறுக்கி எடுத்துவிடலாம். எடுத்ததில் கதிரியக்கமற்ற பாஸ்பரஸ் கலப்பு அநேகமாக இருக்காது. எங்களுக்கு வேண்டியது இந்தத் தூய்மைதான். ஒரு டிஎன்ஏ துண்டில் ஒட்டும் பாஸ்பரஸ் அணுக்களில் பெரும்பாலானவை ஒளிராத சாதாரண அணுக்களாக இருந்துவிட்டால், படத்தில் பட்டை தெரியாது.

இந்தியாவில் அந்தக் கந்தகம் மும்பையின் டிராம்பேயில், 1985 ஆகஸ்டில் முதன்முதலாக இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் துருவா அணு உலைக்குள் போகிறது. பிரித்தெடுத்த பாஸ்பரஸ், பாஸ்பாரிக் அமில வடிவில் ஹைதராபாத் செல்கிறது. அங்கே செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய வளாகத்தில், 1989இல் உருவான கதிரியக்க மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஜோனாகி. வங்காளியில் மின்மினிப்பூச்சி என்று பொருள். அரசு நிறுவனம் ஒன்றுக்கு இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம். அங்குதான் நொதிகளைக் கொண்டு அந்தப் பாஸ்பரஸை, டிஎன்ஏ சங்கிலியின் கண்ணிகளான நியூக்ளியோடைடு மூலக்கூறுகளில் சேர்க்கிறார்கள். அந்த மூலக்கூறுதான் எங்கள் மேசைக்கு வரும்.

பேராசிரியர் கேட்ட கேள்வியும் இந்தச் சேர்க்கையைப் பற்றியதே. நியூக்ளியோடைடில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கும். சர்க்கரைக்குப் பக்கத்தில் இருப்பது ஆல்ஃபா, நடுவில் பீட்டா, கடைசியில் காமா. என் முதல் ஆர்டர் படிவத்தில், முந்திய மாணவர் ஒருவருடைய படிவத்தைப் பார்த்து, காமா பாஸ்பேட்டில் கதிரியக்கம் உள்ள ஏடிபி என்ற நியூக்ளியோடைடை எழுதிக்கொண்டு போயிருந்தேன். சார் அதைப் படித்துவிட்டு, “நீ செய்யப்போவது ரேண்டம் பிரைமிங். பாலிமரேஸ் நொதி ஒவ்வொரு நியூக்ளியோடைடையும் சங்கிலியில் கோக்கும்போது எந்த பாஸ்பேட் உள்ளே போகும், எவை கழன்று விழும்?” என்று கேட்டார். ரேண்டம் பிரைமிங் என்பது ஒரு டிஎன்ஏவைப் பார்த்துக் கதிரியக்கம் உள்ள புதிய படிகளைக் கோக்கும் முறை. அதில் ஆல்ஃபா மட்டுமே டிஎன்ஏவின் முதுகெலும்பில் சேரும். மற்ற இரண்டும் ஒன்றாகக் கழன்று கரைசலில் மிதக்கும். நான் எழுதியதை வாங்கியிருந்தால், நான் செய்யும் டிஎன்ஏவில் ஓர் அணுகூடக் கதிரியக்கம் இருந்திருக்காது. முழுவதும் கழிவு நீரில் போயிருக்கும். காமா என்பது துண்டின் நுனியில் மட்டும் கைனேஸ் நொதியால் ஒட்டுகிறவர்களுக்கு உரியது. ஒரு கிரேக்க எழுத்து மாறினால் இரண்டு வாரம் போய்விடும். சார் படிவத்தைக் கிழிக்கவில்லை. சிவப்பு மையால் திருத்தி, கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ‘ஏன் என்று எழுதிக்கொண்டு வா’ என்று குறித்துக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

படிவத்துக்கு அவர் கையெழுத்து மட்டும் போதாது. 1983இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனம்தான் இதை வாங்கலாம். எந்த ஐசோடோப்பு, எவ்வளவு வரை என்பதும் அந்த அனுமதியிலேயே இருக்கும். பயிற்சி பெற்று, வாரியம் ஏற்றுக்கொண்ட கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் நிறுவனத்தில் இருக்கவேண்டும். எங்களுக்கு அவர் ‘ஆர்எஸ்ஓ சார்’. கையிருப்பில் இருப்பதும் புதிதாக வருவதும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டாது என்று பதிவேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகே அவர் கையெழுத்திடுவார். பழைய குப்பியில் மிஞ்சியிருப்பதைச் சிதைவுக் கணக்குப் போட்டு அன்றைய தேதிக்குக் குறைத்து எழுதாமல் யாராவது போனால், அவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். இப்போது இந்த விண்ணப்பமெல்லாம் இ-லோரா என்ற இணையதளத்தில் நடக்கிறது. அப்போது மூன்று படி டைப் செய்து அனுப்பினோம்.

வாங்கியது எவ்வளவு என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்கள் வழக்கமான ஆர்டர் 250 மைக்ரோகியூரி; கியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. அது 25 மைக்ரோலிட்டரில், அதாவது பாதிச் சொட்டுத் தண்ணீரில் அடங்கி வரும். அதில் இருக்கும் பாஸ்பரஸ்-32இன் எடை ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த எடையில் நொடிக்கு 92.5 லட்சம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றி ஒரு சிறு குப்பி, குப்பியைச் சுற்றித் தடித்த உறை, அதைச் சுற்றி உலர்பனிக்கட்டி, அதைச் சுற்றித் தெர்மகோல் பெட்டி, அதன்மேல் மூவிலைச் சின்னம் போட்ட மஞ்சள் ஒட்டுத்தாள். குப்பியின் மேல் ஒரு தேதி அச்சிட்டிருக்கும். அதைத் தயாரித்த தேதி என்று புதியவர்கள் நினைப்பார்கள். குப்பியில் இருப்பது சரியாக 250 மைக்ரோகியூரியாக இருக்கும் நாள் அது. அதற்கு முன்பு கூடுதலாகவும் பின்பு குறைவாகவும் இருக்கும். எங்கள் கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்து தொடங்கும்.

ஓர் ஆண்டு அந்தத் தேதி பொங்கலுக்கு முந்திய நாளாக அமைந்தது. பெட்டி விமானத்தில் வந்து சரக்குக் கிடங்கில் இறங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். எடுத்துவர ஆள் போனபோது, கதிரியக்கச் சின்னத்தைப் பார்த்துத் தயங்கிய ஒருவர், உயரதிகாரி வந்து கையெழுத்துப் போடாமல் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். உயரதிகாரி ஊருக்குப் போயிருந்தார். பிறகு பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், அதையடுத்து ஞாயிறு. ஐந்து நாள் கழித்துப் பெட்டி என் கைக்கு வந்தபோது உலர்பனிக்கட்டி முழுவதும் ஆவியாகியிருந்தது. பெட்டியின் எடையே குறைந்து லேசாக இருந்தது. கணக்குப் போட்டேன். ஐந்து நாளில் 250 என்பது 196 ஆகியிருந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அவருடைய பயத்துக்கு யாரும் விளக்கம் சொல்லி வைக்கவில்லை என்பதையும் மறுக்கமுடியாது. பெட்டிக்கு வெளியே அவர் பெற்றிருக்கக்கூடிய கதிர்வீச்சு மிகச் சொற்பம்.

அன்றிரவு கால்குலேட்டரும் கையுமாக இருந்தபோது ஒரு விளையாட்டுக் கணக்கும் போட்டேன். பக்கத்து ஆய்வகத்தில் கார்பன்-14 வைத்து ஒளிச்சேர்க்கை ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். அதன் அரை ஆயுட்காலம் 5730 ஆண்டுகள். என் குப்பி பொங்கல் விடுமுறையில் இழந்த அதே விகிதத்தை அவர்களுடைய குப்பி இழக்க எவ்வளவு காலம் ஆகும்? 2000 ஆண்டுகள். சங்க காலத்தில் பூட்டி வைத்திருந்தால் இன்றைக்கு நூற்றுக்கு 78 பங்கு மிஞ்சியிருக்கும். கீழடி அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தை அளக்க முடிந்ததும் இந்தப் பொறுமையால்தான். அவர்களுடைய பதிவேட்டில் ‘தானாகக் குறைந்தது’ என்ற பத்தியில் எப்போதும் ஒரு கோடுதான் போட்டிருக்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் கழிவை அப்புறப்படுத்தும் பேச்சு வரும்போது அவர்கள்தான் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

நேரத்தோடு இப்படி மல்லுக்கட்டுவது இந்தத் துறையின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெஸி மான்செஸ்டரில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டிடம் இருந்தபோது, ஈயத்துக்குள் கலந்திருந்த ரேடியம்-டி என்ற பொருளைப் பிரித்துத் தரும்படி அவர் சொன்னார். ஹெவெஸி எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. முடியாததற்குக் காரணம், ரேடியம்-டி என்பதே ஈயத்தின் ஓர் ஐசோடோப்பு. மற்றவர்கள் தோல்வியாக எழுதி வைத்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். பிரிக்கவே முடியாதென்றால் ஈயம் போகும் இடமெல்லாம் இதுவும் போகும், அப்படியானால் இதை அடையாளமாக வைத்து ஈயத்தைப் பின்தொடரலாமே என்று அவர் யோசித்தார். 1923இல் அவரைச் செடிகளின் வேர்களைக் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் வைத்து, அது தண்டுக்கும் இலைக்கும் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். அவர் பயன்படுத்திய தோரியம்-பி என்ற அந்த ஈயத்தின் அரை ஆயுட்காலம் 10.6 மணி நேரம். மாலையில் தொடங்கிய சோதனையில் பாதி, விடியும்போது இல்லை.

இந்த இடத்தில் ஊர்ப்பெருமை ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஹெவெஸியின் தோரியம்-பி, தோரியம் சிதையும் வழியில் பிறப்பது. தோரியம் நிறைந்த மோனசைட் மணல் எங்கள் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பது. அந்த மணலை விளையாட்டில் வீடு கட்டி இடித்து வளர்ந்தவள் நான். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பழைய ஃபிலிம் டப்பாவில் ஒரு சிட்டிகை எடுத்துவந்து, கதிர்வீச்சைச் சத்தமாகக் காட்டும் கைகர் கருவியின் முன் பிடித்தேன். நிமிடத்துக்கு முப்பது நாற்பது என்று சோம்பலாக ஒலித்துக்கொண்டிருந்த கருவி படபடவென்று அடித்தது. கதிரியக்க அறையைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்ப உதவியாளர் அண்ணாச்சி டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதையும் பதிவேட்ல ஏத்தணுமா தாயி?” என்று கேட்டார். பாதி கிண்டல், பாதி நிஜம். அவர் சொன்னபடியே ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினோம்.

ஹெவெஸிக்குப் பாஸ்பரஸ்-32 கிடைத்த வழியும் ஒரு கொள்முதல் கதைதான். 1935இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் நீல்ஸ் போரின் ஐம்பதாவது பிறந்த நாளுக்காகத் திரட்டிய நன்கொடையில் அறுநூறு மில்லிகிராம் ரேடியம் வாங்கினார்கள். அதைப் பெரிலியத்தோடு கலந்தால் நியூட்ரான்கள் வெளிப்படும். அதைக் கார்பன் டைசல்ஃபைடு திரவத்துக்குள் வைத்தால், அதிலுள்ள கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாஸ்பரஸ்-32 ஆகும். அதே கந்தகம், அதே வினை. உலை மட்டும் இல்லை. அந்தச் சொற்பப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, உறுதியாக நிலைத்து நிற்பதாக எல்லோரும் நினைத்த எலும்பிலிருந்தும் பாஸ்பரஸ் ஓயாமல் வெளியேறிக்கொண்டும் உள்ளே வந்துகொண்டும் இருப்பது தெரிந்தது. 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் உலையிலிருந்து ஒரு மில்லிகியூரி கார்பன்-14 செயின்ட் லூயிஸ் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்குப் போனதோடு, ஐசோடோப்பு என்பது ஆர்டர் கொடுத்து வாங்கும் பொருளாயிற்று. ஆறே ஆண்டுகளில், 1952இல், ஹெர்ஷியும் சேஸும் வைரஸின் டிஎன்ஏவுக்குப் பாஸ்பரஸ்-32, புரதத்துக்குக் கந்தகம்-35 என்று வேறு வேறு அடையாளமிட்டு, பாக்டீரியாவுக்குள் நுழைவது டிஎன்ஏதான் என்று காட்டிவிட்டார்கள்.

வேலை செய்யும் விதத்துக்கு வருகிறேன். கதிரியக்கம் என்றதும் ஈயத்தைத் தேடுகிறவர்களுக்குப் பாஸ்பரஸ்-32 ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதிலிருந்து வருபவை வேகமான எலக்ட்ரான்கள். காற்றில் சுமார் ஆறு மீட்டர் வரை பாயக்கூடியவை. அவற்றை ஈயம் போன்ற கனமான உலோகத்தால் நேரடியாகத் தடுத்தால், திடீரென வேகம் குறையும் எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிர்களை உண்டாக்கிவிடும். ஒன்றைத் தடுக்கப்போய் இன்னொன்றை வரவழைத்த கதை. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பலகை போதும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் கைவேலையும் தெரியும். அந்தப் பலகைக்குப் பின்னால் நின்று, துப்பட்டாவை அறைக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, வளையலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இரண்டு ஜோடிக் கையுறை அணிந்து, மார்பில் டிஎல்டி பட்டையும் விரலில் மோதிரப் பட்டையும் மாட்டி வேலை செய்வோம். அந்தப் பட்டைகளுக்குள் இருக்கும் வட்டுகள் நாம் வாங்கிய கதிர்வீச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் கணக்கு வரும். எங்களுக்கு அநேகமாகச் சுழியமே வந்தது. அதை நம்பி மெத்தனமாகிவிடக் கூடாது என்பதற்காக அண்ணாச்சி ஒன்று சொல்வார்: திறந்த குப்பியின் வாய்க்கு மேலே விரல் நீட்டுவதை மார்பில் இருக்கும் பட்டை பார்க்காது.

புதிதாக வரும் யாரையும் அவர் நேரே குப்பியைத் தொடவிடமாட்டார். முதலில் நீல மை கலந்த தண்ணீரை வைத்து முழுச் சோதனையையும் ஒத்திகை பார்க்கவேண்டும். முடிந்ததும் மேசை, கையுறை, பிப்பெட் எல்லாவற்றிலும் நீலப் பொட்டு எங்கெல்லாம் விழுந்திருக்கிறது என்று தேடச் சொல்வார். என் முதல் ஒத்திகையில் பதினொரு பொட்டுகள். ஒன்று என் மூக்குக் கண்ணாடியின் காதுக்கம்பியில் இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்தது எனக்கு நினைவேயில்லை. ஆறாவது ஒத்திகையில் பொட்டு இல்லாமல் முடித்த பிறகுதான் குப்பி வெளியே வந்தது.

கந்தகம்-35, கார்பன்-14, கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவற்றின் எலக்ட்ரான்கள் பலவீனமானவை. டிரிட்டியத்தைக் கைகர் கருவியால் கண்டுபிடிக்கவே முடியாது, மேசையை ஈரத்தாளால் துடைத்து அந்தத் தாளைத் திரவ மினுமினுப்பு எண்ணி என்ற கருவியில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். சத்தம் போடுகிற பாம்பைவிடச் சத்தம் போடாத பாம்புக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்சி. நானும் அதே கட்சிதான்.

ப்ரோப் தயாரான பிறகு அதையும் சேர்த்து வைக்கமுடியாது. பாஸ்பரஸ்-32 சிதையும்போது ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்துவிட்டுக் கந்தகம்-32 ஆகிறது. டிராம்பேயில் எந்தக் கந்தகத்திலிருந்து புறப்பட்டதோ அதே கந்தகம். டிஎன்ஏவின் முதுகெலும்பில் பாஸ்பரஸ் இருக்கவேண்டிய இடத்தில் திடீரெனக் கந்தகம் வந்து நின்றால் அந்தக் கண்ணி அறுந்துபோகும். அடையாளம் அதிகம் ஏற்றிய ப்ரோப் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று நாள்களுக்குள், நெல்லின் டிஎன்ஏவை ஒட்டி வைத்த சவ்வின் மேல் ஊற்றி, ஒருநாள் இரவு 65 டிகிரியில் சுழலவிட்டு, மறுநாள் கழுவி, எக்ஸ்ரே படச்சுருளோடு பெட்டிக்குள் அடைத்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுவோம். எத்தனை நாள் என்பது கைகர் கருவியைச் சவ்வுக்கு மேல் பிடித்து எழும் சத்தத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வது. இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டில் படத்தை ஆட்டிக்கொண்டிருக்கும்போது, புளித்த வாடைக்கு நடுவே, வெறுமையான படத்தில் முதலில் புகைபோல ஒரு மூலை கறுத்து, பிறகு பட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இன்றைய மாணவர்கள் கணினித் திரையில் அதைவிடத் துல்லியமான படத்தைச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்காது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை ப்ரோப் செய்து முடித்து, எண்ணிக்கையை நோட்டில் எழுதிவிட்டு, அறையைச் சரிபார்க்கக் கருவியைக் கையில் எடுத்தேன். அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் சுத்தம். கையுறை சுத்தம். மேலங்கி சுத்தம். கருவியை அணைப்பதற்காக எழுதும் மேசைப் பக்கம் திரும்பியபோது அது ஓட்டுக் கூரைமேல் விழும் ஆலங்கட்டி மழையாக இரைந்தது. பேனா. கதிரியக்கக் குப்பியைத் தொட்ட கையுறையோடு ஏதோ ஒரு கணத்தில் மூடியைக் கழற்றியிருக்கிறேன். பேனாவைத் தூர வைத்த பிறகும் சத்தம் முழுவதும் அடங்கவில்லை. நோட்டின் 43ஆம் பக்கத்தில், எண்ணிக்கை எழுதிய வரிக்குப் பக்கத்தில், கடுகளவு ஓர் ஈரத்தடம் காய்ந்திருந்தது. கடைசியாக என் கையைப் பிடித்துப் பார்த்தேன். இடது கட்டைவிரல் நகத்தோரம் கருவி மெல்ல முணுமுணுத்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, ஓடிவந்தார். முதலில் கையைக் குழாயடியில் நீட்டச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு, பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் தோல் உரிந்து உள்ளே போகும். மூன்று முறை கழுவிய பிறகு கருவி வழக்கமான முப்பது நாற்பதுக்குத் திரும்பியது. ஆர்எஸ்ஓ சாருக்குத் தகவல் போயிற்று. நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியதோ என்னவோ, அண்ணாச்சி பதிவேட்டை நூலோடு இழுத்து என் முன்னால் வைத்து, “பயப்படாதே தாயி, எழுது” என்றார். எழுதினேன். நேரம், இடம், கருவி காட்டிய எண், கழுவிய பின் காட்டிய எண். எழுதி முடித்தபோது கை நடுங்குவது நின்றிருந்தது. 43ஆம் பக்கத்தைப் பிளேடால் அறுத்து, பேனாவோடு சேர்த்து ஞெகிழிப் பையில் அடைத்து, தேதி எழுதி, கழிவு அறையில் அக்ரிலிக் பெட்டிக்குள் போட்டோம்.

அந்தக் கழிவு அறை எங்கள் துறையின் மிகவும் மதிப்பில்லாத, மிகவும் முக்கியமான இடம். ஐசோடோப்பு வாரியாகத் தனித்தனிப் பெட்டிகள். பாஸ்பரஸ் பெட்டிகள் பத்து அரை ஆயுட்காலம், அதாவது 143 நாள்கள், அப்படியே இருக்கும். அப்போது ஆரம்பத்தில் இருந்ததில் 1024இல் ஒரு பங்குதான் மிஞ்சும். கருவியால் பார்த்து, பின்னணி அளவுதான் என்று உறுதியான பிறகு, மூவிலைச் சின்னத்தைக் கிழித்துவிட்டுச் சாதாரணக் குப்பையில் சேர்க்கலாம். கிழிக்காமல் போட்டால் வெளியே யாராவது பார்த்து ஊர் திரளும். அதற்காகவே அந்த விதி. கார்பன்-14 கழிவுக்கு இந்த வழி கிடையாது. யாரும் காத்திருக்க முடியாது. முறைப்படி அனுமதி உள்ளவர்களிடம் ஒப்படைக்கவேண்டும்.

2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில், 1985க்குப் பிறகு பயன்பாடின்றிக் கிடந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி ஒன்று பழைய இரும்போடு ஏலத்தில் போய், காயலான் கடையில் பிரிக்கப்பட்டு, ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். வேறு பலர் பாதிக்கப்பட்டார்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். 1985இல் இருந்ததில் நூற்றுக்கு நான்கு பங்குகூட 2010இல் மிஞ்சியிருக்காது. அந்த மிச்சத்துக்குத்தான் ஓர் உயிர். எங்கள் குப்பிகளோடு ஒப்பிடவே முடியாத பேரளவு அது என்பது உண்மை. ஆனால் இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே: என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, இன்றைக்கு எவ்வளவு என்று எழுதிவைத்த ஒரு வரி. அதை எழுதவேண்டியவர் ஓய்வு பெற்றாலும், அடுத்தவர் அதைப் படிக்கவேண்டும்.

இப்போது பல பல்கலைக்கழகங்களில் கதிரியக்க அறைகளைப் பூட்டிவிட்டார்கள். ஒளிரும் சாயங்களும் வேதி ஒளிர்வு முறைகளும் வந்துவிட்டன. என் மாணவர்களில் ஒருவர்கூடப் பாஸ்பரஸ்-32ஐத் தொட்டதில்லை. ஆனாலும் ஒரு நொதி பாஸ்பேட்டை எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பதற்கும், ஒரு மருந்து உடலுக்குள் என்னவாக மாறுகிறது என்று பின்தொடர்வதற்கும், மூலக்கூற்றின் உருவத்தைச் சற்றும் மாற்றாத அடையாளம் தேவைப்படும்போது இன்றும் ஐசோடோப்புதான். சாயம் ஒட்டினால் மூலக்கூறு வேறாகிவிடும். பாஸ்பரஸ்-31க்குப் பதில் 32 உட்கார்ந்தால் எந்த நொதிக்கும் வேற்றுமை தெரியாது.

43ஆம் பக்கம் 143 நாள் கழித்துத் திரும்பி வந்தது. அண்ணாச்சியும் நானும் பையைப் பிரித்து, பேனாவையும் தாளையும் கருவியின் முன் ஒவ்வொன்றாகப் பிடித்தோம். முப்பது, முப்பத்தாறு, முப்பத்திரண்டு. வெறும் அறை தருகிற அதே எண்கள். பதிவேட்டில் ‘தானாகக் குறைந்தது’ பத்தியை நிரப்பி இருவரும் கையெழுத்திட்டோம். தாளை செல்லோ டேப் வைத்து நோட்டில் பழைய இடத்திலேயே ஒட்டினேன். அதில் எழுதியிருந்த ப்ரோப் அந்த முறை சரியாக வேலை செய்யவில்லை. படம் முழுவதும் கறுத்துப்போயிருந்தது. கடுகளவு தடத்தை இப்போதும் வெளிச்சத்தில் பிடித்தால் பார்க்கலாம். அதில் பாஸ்பரஸாக இருந்ததெல்லாம் கந்தகமாகிவிட்டது.